அளந்தவையும் ஊகித்தவையும்: பேரண்டத் தோற்றம் பற்றிய இரு நூல்களை முன்வைத்து

ஆய்வுக்கூடத்தில் பிறக்கும் ஒரு முடிவு பொது வாசகரின் கையை வந்தடைவதற்குள் பல படிகளைக் கடக்கிறது. கணிதம் கழிகிறது, பிழை வரம்பு கழிகிறது, 'இருக்கக்கூடும்' என்பது 'இருக்கிறது' என்றாகிறது. இறுதியில் எஞ்சுவது ஒரு கதை. அக்கதையைத்தான் நாம் அறிவியல் என்று படிக்கிறோம், மேடைகளில் எடுத்தாள்கிறோம், சில வேளைகளில் அதன்மீது நம்பிக்கையையோ நம்பிக்கையின்மையையோ எழுப்பவும் செய்கிறோம். ஆகவே பொது வாசகருக்கான அறிவியல் நூல் எவ்வாறு எழுதப்படுகிறது என்ற வினா நடையழகோடு முடிந்துவிடுவதில்லை. வாசகரின் அறிவு எதன்மேல் நிற்கிறது என்பதே அதன் உட்பொருள்.

இவ்வினாவை ஆராயப் பேரண்டத்தின் தோற்றம் பற்றிய நூல்கள் மிகப் பொருத்தமானவை. கடந்த அரை நூற்றாண்டில் இத்துறையில் வெளிவந்தவற்றுள் இரண்டு தனித்து நிற்கின்றன. ஒன்று, அமெரிக்க இயற்பியலாளர் ஸ்டீவன் வெயின்பர்க் 1977-இல் எழுதிய 'முதல் மூன்று நிமிடங்கள்'. மற்றது, இங்கிலாந்தின் ஸ்டீபன் ஹாக்கிங் 1988-இல் எழுதிய 'காலத்தின் சுருக்கமான வரலாறு'. ஹாக்கிங் 2018-இலும் வெயின்பர்க் 2021-இலும் மறைந்தனர். இருவருமே இறைநம்பிக்கை அற்றவர்கள். ஆயினும் இவ்விரு நூல்களும் வாசகரை நடத்தும் விதம் வெவ்வேறானது. அந்த வேறுபாடே நம் கட்டுரையின் பொருள்.

வழக்கறிஞருக்கு எழுதியவர்

வெயின்பர்க் தம் முன்னுரையில், தாம் மனத்தில் கொண்ட வாசகர் யார் என்று தெரிவிக்கிறார். அவர் இயற்பியலின் மொழி அறியாத, ஆனால் கூர்மதி படைத்த ஒரு முதிய வழக்கறிஞர். சான்று காட்டினாலன்றி எதையும் ஏற்கமாட்டார். இந்த ஒரு தேர்விலேயே நூலின் போக்கு தீர்மானமாகிவிடுகிறது. வழக்கறிஞருக்குக் கதை போதாது, சாட்சி வேண்டும்.

ஆகவே வெயின்பர்க் சாட்சிகளை ஒவ்வொன்றாக அழைத்து வருகிறார். விண்மீன் மண்டலங்கள் நம்மைவிட்டு விலகிச் செல்கின்றன என்பது முதற் சாட்சி. நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு இரண்டாவது. 1964-இல் நியூ ஜெர்சியிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தின் கொம்பு வடிவ அலைவாங்கியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் ஆகிய இருவரும் ஓர் ஓயாத இரைச்சலைக் கேட்டனர். எத்திசையில் திருப்பினும், எப்பருவத்தில் அளந்தாலும் அது மாறவில்லை. அலைவாங்கிக்குள் கூடு கட்டியிருந்த புறாக்களை அகற்றி எச்சத்தைத் துடைத்தும் பார்த்தனர், இரைச்சல் போகவில்லை. அது பேரண்டம் மிகுந்த வெப்பத்தோடு இருந்த காலத்தின் எச்சம் என்பது பின்னரே விளங்கிற்று. இருவருக்கும் 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூன்றாவது சாட்சி ஹீலியம். பேரண்டத்தின் சாதாரணப் பருப்பொருளில் எடையளவில் ஏறத்தாழக் கால் பங்கு ஹீலியம். விண்மீன்கள் தம் வாழ்நாளில் சமைத்திருக்கக்கூடிய அளவைவிட இது மிகுதி. முதல் சில நிமிடங்களின் வெப்பத்தைக் கணக்கிட்டால் இதே அளவுதான் விடையாக வருகிறது. ஒன்றையொன்று அறியாத மூன்று சாட்சிகள் ஒரே செய்தியைச் சொல்லும்போது வழக்கறிஞர் தலையசைக்க வேண்டியதாகிறது.

இதைவிடவும் நாம் போற்ற வேண்டியது அந்நூலின் அமைப்பு. வெயின்பர்க் தம் விவரிப்பைத் திரைப்படச் சுருளின் படங்கள்போல் அடுக்குகிறார். முதற்படம் சுழிய நேரத்தில் தொடங்குவதில்லை. ஒரு வினாடியின் நூறில் ஒரு பங்கு கழிந்த பின், வெப்பநிலை 10,000 கோடி கெல்வினாக இருக்கும்போது தொடங்குகிறது. ஏன்? அதற்கு முற்பட்ட நிலையில் அடிப்படைத் துகள்கள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது அன்று தெளிவாகத் தெரியாது. எனவே அந்த நூறில் ஒரு பங்கு வினாடியைத் தனி அத்தியாயமாகப் பிரித்துப் பின்னால் வைக்கிறார். உறுதியானதும் உறுதி குன்றியதும் ஒரே கூரையின்கீழ் இருந்தாலும் இடையில் ஒரு சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது. முதல் மூன்று நிமிடங்களைத் தெரிந்தவர்போல எழுதுவதில் தமக்கே ஒரு நம்பமுடியாமை தோன்றுவதையும் அவர் மறைக்கவில்லை.

மற்றோர் அத்தியாயத்தில், பின்னணிக் கதிர்வீச்சை ஏன் எவரும் முன்னமே தேடவில்லை என்று வினவுகிறார். 1948-இலேயே ரால்ஃப் ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் ஏறத்தாழ 5 கெல்வின் அளவில் அத்தகைய எச்சம் இருக்க வேண்டும் என்று கணித்திருந்தனர். அதை அளக்க முடியும் என்று கருவி வல்லுநர்கள் கோட்பாட்டாளர்களிடம் சொல்லவில்லை; அளக்க வேண்டும் என்று கோட்பாட்டாளர்கள் வல்லுநர்களிடம் கேட்கவில்லை. பேரண்டத்தின் தொடக்கம் பற்றிய எந்தக் கணக்கையும் உண்மையென எடுத்துக்கொள்ளும் துணிவும் இயற்பியலாளர்க்கு இல்லை. தம் துறையின் தாமதத்தைப் பொது வாசகர்முன் இவ்வளவு வெளிப்படையாக ஆராய்ந்த பக்கங்கள் வெகுசன அறிவியலில் அரிது.

சமன்பாடு நீங்கிய நூல்

ஹாக்கிங்கின் நூல் வேறொரு வாசகரை நோக்கியது. நூலில் சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று தமக்குச் சொல்லப்பட்டதாகவும், ஆகவே ஐன்ஸ்டைனின் ஒரே சமன்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டதாகவும் அவரே கூறுகிறார். உத்தி பலித்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற நூல் அது. கடும் நோயின் பிடியில், பேச்சிழந்து, கணினியின் துணைகொண்டு அதை எழுதிமுடித்த மன உறுதியைக் குறைத்து மதிப்பிடுபவர் எவரும் இருக்கமுடியாது. சுருங்கும் பேரண்டத்தில் காலத்தின் திசை தலைகீழாகும் என்று தாம் முன்னர் கருதியது தவறு என்பதையும், தம் மாணவரும் சக ஆய்வாளரும் அதைச் சுட்டிக்காட்டியதையும் நூலிலேயே ஒப்புக்கொள்கிறார். அந்நேர்மை பாராட்டத்தக்கது.

நம் குறை வேறிடத்தில் இருக்கிறது. நூலின் எட்டாம் அத்தியாயத்தில், ஜேம்ஸ் ஹார்ட்டிலுடன் இணைந்து 1983-இல் வெளியிட்ட 'எல்லையின்மை' என்ற கருத்தை ஹாக்கிங் விளக்குகிறார். கற்பனைக் காலம் எனும் கணிதக் கருவியைக் கையாண்டால், பூமியின் மேற்பரப்புக்கு விளிம்பு இல்லாததுபோல, பேரண்டத்துக்கும் தொடக்க விளிம்பு இல்லாதிருக்கலாம் என்பது அதன் சாரம். அழகிய கருத்துதான். இது வெறும் முன்மொழிவு, வேறெந்த அடிப்படை விதியிலிருந்தும் தருவிக்கப்பட்டதன்று என்று அவரே எச்சரிக்கவும் செய்கிறார். ஆனால் அவ்வெச்சரிக்கையின் மை உலருமுன், பேரண்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் இல்லையெனில் படைத்தவனுக்கு அங்கே என்ன இடம் என்ற வினாவோடு அத்தியாயம் முடிகிறது. முன்மொழிவாக உள்ளே வந்தது தீர்ப்பாக வெளியேறுகிறது. 'எனில்' என்ற சொல் இலக்கணப்படி அங்கே இருக்கிறது. ஆனால் வாசகர் மனத்தில் நிற்பது வினா மட்டுமே, நிபந்தனை நழுவிவிடுகிறது.

22 ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், லியனார்ட் மிலாடினோவுடன் சேர்ந்து எழுதிய 'மாபெரும் வடிவமைப்பு' என்ற நூலில் அந்த நிபந்தனையும் போய்விட்டது. ஈர்ப்பு போன்ற விதி இருப்பதால் பேரண்டம் ஒன்றுமின்மையிலிருந்து தன்னைத்தானே தோற்றுவித்துக்கொள்ளும் என்று அந்நூல் உறுதியாகச் சொல்கிறது. இதற்குத் துணையாக எம்-கோட்பாட்டை முன்னிறுத்துகிறது. 10-இன் 500-ஆம் அடுக்கு எண்ணிக்கையிலான பேரண்டங்களுக்கு அக்கோட்பாடு இடமளிக்கிறது என்கிறது. ஆனால் எம்-கோட்பாட்டின் எந்த முடிவையும் எந்தச் சோதனையும் இதுவரை உறுதிசெய்ததில்லை. அந்நூலிலேயே தத்துவம் இறந்துவிட்டது என்ற அறிவிப்பும் வருகிறது. தத்துவம் உயிரோடிருந்திருந்தால் ஓர் எளிய வினாவைக் கேட்டிருக்கும்: ஈர்ப்பு விதி இருக்குமிடம் ஒன்றுமின்மை ஆகுமா?

இயற்பியலாளர் 'ஒன்றுமின்மை' என்று குறிப்பது துகளற்ற ஒரு நிலையை. சில வேளைகளில் இடமும் காலமும் அற்ற ஒரு நிலையை. அங்கும் விதி உண்டு. அவ்விதியை எழுதும் கணிதம் உண்டு. நம் அறிஞர்கள் 'அதம்' என்று வழங்கிய முழு இன்மை அதுவன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 1095-இல் நிறைவுசெய்த 'தஹாஃபுத் அல்-ஃபலாஸிஃபா'வில் உலகம் தொடக்கமுடையது என்றும், காலமும் உலகத்தோடு படைக்கப்பட்டதே என்றும் வாதிட்டார். அதற்கு இப்னு ருஷ்து எழுதிய மறுப்பும் நம் கையில் உண்டு. இருவரும் ஒருவரையொருவர் கடுமையாக மறுத்தனர். ஆனால் எச்சொல்லை எப்பொருளில் ஆள்கிறோம் என்பதில் இருவருமே கவனமாயிருந்தனர். ஒரே சொல்லை முதல் வரியில் ஒரு பொருளிலும் கடைசி வரியில் வேறு பொருளிலும் ஆண்டு வெற்றி கொள்வதை அவ்விருவருள் எவரும் அனுமதித்திருக்கமாட்டார்கள்.

நியாயமாகப் பேசுவதெனில் வெயின்பர்க்கின் கடைசிப் பக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேரண்டம் எவ்வளவுக்கு விளங்குகிறதோ அவ்வளவுக்கு நோக்கமற்றதாகவும் தோன்றுகிறது என்ற அவருடைய புகழ்பெற்ற கருத்து அங்குதான் வருகிறது. அதை நாம் ஏற்கவில்லை. ஆனால் அவர் அதைப் பின்னுரையில், சான்றுகளெல்லாம் முடிந்த பின், தமக்குத் தோன்றுவதாகச் சொல்கிறார். ஹீலியத்தின் அளவிலிருந்து பெற்ற முடிவாகச் சொல்வதில்லை. வாசகர் அப்பக்கத்தைக் கிழித்தெறிந்தாலும் முந்திய அத்தியாயங்களுக்கு எவ்விதச் சேதமும் நேராது. ஹாக்கிங்கின் நூலில் அப்படிக் கிழிக்க முடியாது. கருத்தும் கண்டுபிடிப்பும் ஒரே இழையில் நெய்யப்பட்டிருக்கின்றன.

நூல்களுக்குப் பின் நடந்தவை

ஒரு வெகுசன நூலின் தகுதியைக் காலம்தான் சோதிக்கிறது. 1992-இல் கோபே செயற்கைக்கோள் பின்னணிக் கதிர்வீச்சில் மிக நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைக் கண்டறிந்தது. 1998-இல் இரு குழுக்கள் தொலைதூர வெடிமீன்களை அளந்து, பேரண்டத்தின் விரிவு வேகம் குறையவில்லை, கூடிவருகிறது என்று அறிவித்தன. அதற்கு 2011-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. டபிள்யூமேப் ஆய்கலம் 2003-இல் பேரண்டத்தின் வயதை 1370 கோடி ஆண்டுகள் என்று கணித்தது. பிளாங்க் ஆய்கலம் 2013-இல் அதை 1380 கோடியாகத் திருத்தியது. வெயின்பர்க்கின் எண்கள் சில மாறின. அவருடைய படங்களின் வரிசை குலையவில்லை. எல்லையின்மை முன்மொழிவோ இன்றும் முன்மொழிவாகவே இருக்கிறது.

இக்காலத்தில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி பொது வாசகர் அனைவரும் நினைவில் இருத்த வேண்டியது. 2014 மார்ச் 17 அன்று, தென் துருவத்தில் இயங்கிய பைசெப்-2 தொலைநோக்கியின் குழுவினர், பேரண்டத்தின் முதற் கணத்தில் நிகழ்ந்ததாகக் கருதப்படும் அதிவிரைவு விரிவின் தடயத்தைக் கண்டதாக அறிவித்தனர். சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்குப் பின் ஆய்விதழில் கட்டுரை வெளிவருமுன்பே செய்தி உலகெங்கும் பரவிவிட்டது. படைப்பின் முதற் கணம் கண்ணுக்குப் புலப்பட்டுவிட்டதாகத் தலைப்புகள் முழங்கின. 2015 தொடக்கத்தில், பிளாங்க் ஆய்கலத்தின் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அந்தச் சமிக்ஞையை விளக்க நம் பால்வெளி மண்டலத்தின் தூசியே பெரிதும் போதுமானது என்று தெரியவந்தது. அறிவியல் தன்னைத் திருத்திக்கொள்ள ஓராண்டுகூட ஆகவில்லை. ஆனால் முதற்செய்தியைப் படித்தவர்களுள் எத்தனை பேர் திருத்தத்தையும் படித்திருப்பர்?

இன்றைய நிலையும் அவ்வாறே. அரிசோனாவின் கிட் சிகரத்திலிருந்து விண்மீன் மண்டலங்களை அளந்துவரும் டெஸி ஆய்வுக் குழு, பேரண்ட விரிவை முடுக்கும் இருண்ட ஆற்றல் காலப்போக்கில் நலிந்து வரக்கூடும் என்பதற்கான குறிப்புகளை 2024-லும் 2025-லும் வெளியிட்டது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் வகுத்துள்ள உறுதியளவை அக்குறிப்புகள் எட்டவில்லை. இதை 'ஐன்ஸ்டைன் வீழ்ந்தார்' என்று எழுதுவதும் பிழை. பொருட்படுத்தத் தேவையில்லை என்று தள்ளுவதும் பிழை.

நம் பக்கத்துப் பிழை

இதுவரை சொன்னதைப் படித்து மகிழும் வாசகர் சிலர் இருக்கக்கூடும். நாத்திகர் ஒருவரின் வாதம் தளர்ந்ததென்ற மகிழ்ச்சி அது. அவர்களிடம் நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம்: அதே அளவுகோலை நம் மீதும் வைத்துப் பார்க்கலாமா?

பெருவெடிப்புக் கோட்பாடு உறுதிப்பட்ட நாளிலிருந்து, அது குர்ஆனில் முன்னமே சொல்லப்பட்டது என்று நிறுவும் நூல்கள் பல மொழிகளில் பெருகியுள்ளன. 'அல்-அன்பியா' அத்தியாயத்தின் 30-ஆவது வசனம் அவற்றில் தவறாமல் இடம்பெறுகிறது. வானங்களும் பூமியும் இணைந்திருந்து பின் பிரிக்கப்பட்டதைக் கூறும் அவ்வசனத்துக்கு முற்கால விரிவுரையாளர்கள் தந்த பொருள்களுள் ஒன்று, வானம் மழையின்றியும் பூமி பயிரின்றியும் மூடிக் கிடந்து பின் திறக்கப்பட்டன என்பது. இமாம் தபரியின் தஃப்ஸீரிலேயே இது பதிவாகியிருக்கிறது. அப்பொருளை ஓசையின்றி ஒதுக்கிவிட்டு, இயற்பியலின் இவ்வாண்டுக் கோட்பாட்டை அவ்விடத்தில் வைப்பவர்கள், வசனத்துக்குச் சிறப்புச் செய்வதாக நினைக்கின்றனர். உண்மையில் அவர்கள் மாறாததை மாறுவதன் காவலில் விடுகின்றனர்.

இதில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் நமக்குப் பாடமாகிறார். விரியும் பேரண்டக் கோட்பாட்டை 1927-இல் முன்வைத்த பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமெத்ர், கணித வல்லுநரும் கத்தோலிக்கக் குருவும் ஆவார். 1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அக்கோட்பாட்டைப் படைப்புக்கான சான்றாகக் காட்டிப் பேசியபோது லெமெத்ர் மகிழவில்லை; கவலையுற்றார். ஃப்ரெட் ஹாயில் முதலியோரின் நிலைத்த பேரண்டக் கொள்கை அப்போது வலிமையோடு இருந்தது. அது வென்றிருந்தால் போப்பின் சான்று என்னவாகியிருக்கும்? தம் கோட்பாடு சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பதே லெமெத்ரின் நிலைப்பாடு.

அவருக்கு எட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் முந்தியவர் இமாம் கஸ்ஸாலி. 'தஹாஃபுத்'தின் முன்னுரையில் அவர் கிரகணத்தை எடுத்துக்காட்டுகிறார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் சந்திர கிரகணம் உண்டாகிறது என்பது கணிதத்தால் நிறுவப்பட்டது. மார்க்கத்தின் பெயரால் இதை மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்கிறார். நிறுவப்பட்டது எது, நிறுவப்படாதது எது என்று முதலில் பிரித்துவிட்டே அவர் தம் விவாதத்தைத் தொடங்குகிறார். அந்தப் பிரிவினைதான் இன்று இரு தரப்பிலும் காணாமற் போயிருக்கிறது.

தரம் பிரித்தல்

நமக்கு இது புதிய பழக்கமன்று. ஒரு செய்தியைக் கேட்டதும் யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இடையில் வரிசை அறுந்ததா என்று வினவி, முதவாதிர், ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்த ஹதீஸ் கலை நம் முன்னோர் வளர்த்தது. அறிவியல் முடிவை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் அளந்து பார்க்கலாம். அறிவிப்பை அவ்வாறு செய்ய இயலாது. இந்த வேறுபாட்டை மறவாமல், தரம் பிரிக்கும் மனப்பாங்கை மட்டும் அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

பேரண்டவியலில் அதைப் பொருத்திப் பார்ப்போம். பேரண்டம் விரிவது, 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சு, ஹீலியத்தின் அளவு ஆகியவை பல வழிகளில் வந்து ஒன்றையொன்று உறுதிசெய்பவை. இவை முதல் தரம். இருண்ட பருப்பொருள், இருண்ட ஆற்றல் ஆகியவற்றின் விளைவுகள் அளக்கப்பட்டுள்ளன, அவற்றின் இயல்பு தெரியவில்லை. இவை இரண்டாம் தரம். முதற் கணத்து அதிவிரைவு விரிவு பல புதிர்களை விடுவிக்கிறது, நேரடித் தடயம் கிடைக்கவில்லை. அது மூன்றாம் தரம். எல்லையின்மை, பல பேரண்டங்கள், எம்-கோட்பாடு ஆகியவை இன்னும் சோதனையின் வாயிலுக்கே வராதவை. நான்காம் தரத்தைப் படிக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. நாளைய முதல் தரம் இன்றைய நான்காம் தரத்திலிருந்தே பிறக்கக்கூடும். அதை முதல் தரமென்று விற்கக் கூடாது என்பதே நம் கருத்து.

இங்கே தமிழுக்கு ஓர் அனுகூலம் உண்டு. 'வந்தான்', 'வந்தானாம்', 'வந்திருப்பான்', 'வந்திருக்கக்கூடும்', 'வந்தான் போலும்' என்று உறுதியின் படிகளை வினைமுற்றிலேயே உணர்த்தும் மொழி இது. ஆனால் நம் அறிவியல் செய்திகளும் மொழிபெயர்ப்புகளும் பெரும்பாலும் ஒரே முற்றில் முடிகின்றன: 'கண்டுபிடிக்கப்பட்டுள்ளது'. மொழியில் இருக்கும் நுட்பத்தை எழுதுவோர் கைவிட்டால், வாசிப்போர் அதை எங்கிருந்து பெறுவர்?

இறுதியாக ஒரு செய்தி. வெயின்பர்க்குக்கு 1979-இல் கிடைத்த நோபல் பரிசு அவருக்கு மட்டும் உரியதன்று. ஷெல்டன் கிளாஷோவும், பஞ்சாபின் ஜங் நகரில் வளர்ந்த அப்துஸ் ஸலாமும் அதைப் பகிர்ந்துகொண்டனர். மின்காந்த விசையும் மென்விசையும் ஒன்றே என்ற கோட்பாட்டுக்கு, பேரண்டம் நோக்கமற்றது என்று கருதிய வெயின்பர்க்கும், குர்ஆனை ஓதி வளர்ந்து அதன் ஏவலாலேயே இயற்கையை ஆராய்வதாகக் கூறிவந்த ஸலாமும் தனித்தனியே வந்து சேர்ந்தனர். அக்கோட்பாடு முன்னறிவித்த துகள்கள் 1983-இல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டன. சமன்பாடு இருவருக்கும் ஒன்றே. அதன் முன் நின்று இருவரும் கண்ட பொருள் வேறு. அப்பொருள் சமன்பாட்டிலிருந்து எழுந்திருந்தால் இருவரும் ஒன்றையே கண்டிருப்பர்.

அறிவியல் நூலின் கடைசிப் பக்கத்தில் படைத்தவனைப் பற்றி எழுதப்பட்டிருப்பதைக் கண்டு நாம் கலங்கவும் வேண்டாம், களிக்கவும் வேண்டாம். அதற்கு முந்திய பக்கங்களுக்குத் திரும்பி, எது அளக்கப்பட்டது, யார் அளந்தார், வேறெவர் அதைச் சரிபார்த்தார் என்று கேட்போம். முன்னோர் நூலைப் படிப்பவர் அந்நூலின் மீதும், அதைப் படிக்கும் தம் மீதும் ஐயம் கொள்ள வேண்டும் என்று தாலமியை மறுத்தெழுதிய நூலில் இப்னுல் ஹைஸம் அறிவுறுத்தினார். அவர் கேட்டது பண்டைய நூல்களுக்காக. இன்று கடைகளில் குவியும் புதிய நூல்களுக்கு அது இன்னும் அதிகமாகவே தேவைப்படுகிறது.